பச்சைப் புள்ளி

இல்லண்ணே, சரியாத்தான் சொன்னேன். கூட்ட வேண்டாம், குறைக்கணும். இதுல பன்னெண்டு ஜிபி ரேம் இருக்கு. அதை எட்டா ஆக்கிக் குடுங்க.

சிரிங்க, பரவாயில்ல. நீங்க கடை வச்ச நாள்லேருந்து ரேமைக் குறைச்சுக் குடுன்னு ஒருத்தனும் வந்திருக்க மாட்டான். அதுவும் கேம் ஆடுற லேப்டாப்புல. ஆமா, இன்னும் ஆடிக்கிட்டுத்தான் இருக்கேன். கார் ரேஸ். தடங்கல் எதுவும் இல்ல, சும்மா வழுக்கிக்கிட்டுப் போகுது.

சூடா? சூடெல்லாம் ஆகல. சரி, ஆகுதுன்னே எழுதிக்கங்க, ஏதாவது ஒரு காரணம் வேணும்னா.

இருங்க, பையில இன்னொண்ணும் இருக்கு. பாத்து, கனமா இருக்கும். என் லேப்டாப்புல இருக்கற எட்டு ஜிபி துண்டை எடுத்து இந்தப் பெருசுல போடணும், பெருசுல இருக்கற நாலை எடுத்து என்னோடதுல போடணும். அவ்வளவுதான் வேலை. புதுசா எதுவும் வேண்டாம்.

பெருசு எங்க மாமாவோடது. அக்கா வீட்டுக்காரர். லிஃப்ட் மெக்கானிக். நான் வேலை தேடுறேன்னு அக்கா வீட்டுல போயி உக்காந்தவன்ணே. ஒரு மாசம்னு போனது, ஒன்றரை வருஷம் ஆச்சு. வேற ஆளா இருந்தா மச்சினன் ரெண்டாவது தடவை சாப்பாடு போட்டுக்கறப்பவே முகத்துல காட்டிடுவாங்க. இவர் கரண்டியை என் பக்கமா நகர்த்தி வைப்பாரு. வேலைலேருந்து வந்து குளிச்சிட்டு நேரா லேப்டாப்புதான். நாள் பூரா மேலயும் கீழயும் போயிட்டு வரேன் மச்சான், கொஞ்ச நேரமாவது நேரா போறேனேம்பாரு. அக்கா விடுவாளா? தெருமுனையில வண்டியைத் திருப்பத் தெரியாது, இதுல ரேஸ் ஒரு கேடான்னு கேப்பா.

என்னையும் கிண்டல் பண்ணாம விட மாட்டாரு. என்னோடதுல ரேம் ரெண்டு நாலு, மொத்தம் எட்டு. உன் லேப்டாப்பு எழுந்து பல்லு வெளக்கிட்டு வர்றதுக்குள்ள நான் ரேஸே முடிச்சிருவேன்டாம்பாரு. தமாசுக்குத்தான் சொல்வாரு. எனக்குத்தான் எங்கயோ போயி குத்துச்சு.

ஒரு ஞாயித்துக்கிழமை முடி வெட்டிக்கப் போயிருந்தாரு. அக்கா மாடியில துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தா. அவர் லேப்டாப்புக்குப் பத்து ஸ்க்ரூ. உங்களுக்குத் தெரியாததா? ரெண்டு பக்கமும் கிளிப்பை விலக்கினா அதுவா எம்பி நிக்கும். அவரோடது ரெண்டு எட்டு. ஒண்ணை உருவி என்னோடதுல போட்டுக்கிட்டு, என்னோட நாலுல ஒண்ணை அங்க சொருகிட்டேன். திருடினேன்னு சொல்லிடாதீங்க, வேலை கெடைச்சதும் புதுசா ஒண்ணு வாங்கி வச்சுடலாம்னுதான்... சரி. திருடினேன்னே வச்சுக்கங்க.

பெரிய வித்தியாசம் தெரியாதுன்னு நீங்களும் சொல்றீங்க பாருங்க. நானும் அப்படித்தான் நெனைச்சேன். ரெண்டு வாரம் இருக்கும். மச்சான், கேம்ல வண்டி இடது பக்கமா இழுக்குதுடான்னாரு. விரலை எடுத்துட்டேன், ஆனா எடுத்த மாதிரியே இல்ல, வண்டி பாட்டுக்குப் போகுதுன்னாரு. நான் எடுத்த ரேம்தான்னு நெனைச்சுட்டேன். ரேம் குறைஞ்சா விட்டு விட்டுத்தானே ஓடும், சொன்ன பேச்சை லேட்டாத்தானே கேட்கும்? மெஷின் பழசாயிடுச்சு மாமான்னேன். அவர் என்னையே கொஞ்ச நேரம் பாத்தாரு. அப்புறம் சிரிச்சாரு. ஆமாடா, மெஷின்தான், என்னைக்காவது தானா சரியாயிடும்னாரு.

அப்புறம் ஒரு நாள் டம்ளரைக் கீழ போட்டாரு. சட்டைப் பட்டன் போட அக்காவைக் கூப்பிட ஆரம்பிச்சாரு, இடது கைக்குப் பட்டன் அகப்படலன்னு. டாக்டரைப் போய்ப் பாருங்கன்னு அக்கா கத்துறா. குறுக்க விழுந்தது யாரு? நான்தான். சும்மா இரு அக்கா, நாள் பூரா ஸ்பேனர் புடிக்கிற கை, அப்படித்தான் இருக்கும், கேம்ல இழுக்கறது மெஷின் கோளாறுன்னேன். ஆமாமா, மச்சான் சொல்றது சரிதான்னு அவரும் தலையாட்டினாரு. சட்டைப் பட்டனுக்கும் ரேமுக்கும் என்னடா சம்பந்தம்னு எனக்கு ஒரு தடவை கூடத் தோணலண்ணே. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்பாங்க. எனக்கு ரேம் இருந்த பக்கம் மட்டுந்தான் குறுகுறுத்துச்சு.

நாலு மாசம். ஒரு நாள் வேலை செஞ்ச எடத்துல, லிஃப்ட் மோட்டார் ரூம்ல, நின்னவாக்குலயே சரிஞ்சுட்டாரு. கூட இருந்தவர் தாங்கிப் புடிச்சாரு. ஸ்கேன் எடுத்தா தலைக்குள்ள கட்டி. கை மொதல்ல சொல்லியிருக்குமே, நாலு மாசம் முன்னாடியே வந்திருக்கலாமேன்னாரு டாக்டர். அக்கா என்னைப் பாக்கல. பாத்திருந்தாலாவது தேவலை. அவ சுவத்தைப் பாத்துக்கிட்டு நின்னா.

இல்லண்ணே. பதினோரு வாரம். அவ்வளவுதான் இருந்தாரு.

தண்ணியெல்லாம் வேண்டாம். நீங்க ஸ்க்ரூவைக் கழட்டுங்க.

ஏன் குறைக்கணும்னு கேட்டீங்கல்ல? இப்ப என் வண்டியும் இடது பக்கமா இழுக்குது. இது வரைக்கும் யார்கிட்டயும் சொல்லல. கீபோர்டு மாத்திப் பாத்தேன். அந்த டாக்டர்கிட்டயே போயி ரெண்டு கையையும் நீட்டினேன். விரலை மடக்கச் சொன்னாரு, நீட்டச் சொன்னாரு, சுத்தியலால தட்டிப் பாத்தாரு, ஒண்ணும் இல்ல போன்னுட்டாரு. வீட்டுக்கு வந்து உக்காந்தா, நேர் ரோட்டுல, எதிர்ல ஒருத்தனும் கிடையாது, வண்டி மெதுவா இடது பக்கம் ஒதுங்குது. மோதலண்ணே. ஓரமா ஒதுங்கி நிக்குது, யாருக்கோ வழி விடற மாதிரி.

ரேம்ல அப்படியெல்லாம் வராதுன்னு எனக்கும் தெரியும். எடுங்க.

ஆங், புள்ளி. பாத்துட்டீங்களா? அது மாமா வச்சது. அவங்க தொழில்ல அப்படி. போல்ட்டை முறுக்கி, சரியா இருக்கான்னு பாத்து முடிச்சதும் பச்சைப் பெயின்ட்ல ஒரு புள்ளி. நான் பாத்தாச்சுன்னு அர்த்தம். வீட்டுல கேஸ் அடுப்புக் குழாய்லேருந்து அக்கா மூக்குக்கண்ணாடி ஸ்க்ரூ வரைக்கும் புள்ளிதான். லேப்டாப் வாங்கின அன்னைக்கே தெறந்து ரெண்டு எட்டுக்கும் மூலையில வச்சுட்டாரு.

இப்ப பெருசைத் தெறங்க. அடியில இருக்கறது அவரோட இன்னொரு எட்டு. மேல இருக்கறது என்னோட நாலு.

ஆமாண்ணே. அதுலயும் இருக்கும். நான் வைக்கல.

எல்லாம் முடிஞ்ச பிறகு, உன்னைத்தான்டா அவருக்கு ரொம்பப் பிடிக்கும், நீயே வச்சுக்கோன்னு அக்கா இதைக் குடுத்தா. அவளுக்குத் தெரியாம மாத்தி வச்சுடலாம்னு தெறந்தேன். என் நாலு மேல பச்சைப் புள்ளி. அப்படியே மூடிட்டேன். என் கை போக மாட்டேங்குது, அதான் உங்ககிட்ட கொண்டாந்தேன்.

எப்பத் தெறந்து பாத்தாரோ தெரியல. வண்டி இழுக்குதுன்னு சொன்ன அன்னைக்கேதான் இருக்கணும். கேட்டிருந்தா அக்காவுக்கு முகம் சுருங்கும், நான் பெட்டியைத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிடுவேன். கேக்கல. மெஷின்தான் மாமான்னு நான் சொன்னப்பல்லாம் நம்பினாரு. ஏன் நம்ப மாட்டாரு, ரேம் குறைஞ்சிருக்கறதைக் கண்ணால பாத்தவராச்சே. கையைப் பத்திக் கவலையே படல. மச்சான் என்னைக்காவது திருப்பி வச்சுடுவான், அன்னைக்கு எல்லாம் சரியாயிடும்னு இருந்திருக்காரு, நாலு மாசமா.

மெதுவாண்ணே. ஓரத்தைப் புடிச்சு எடுங்க. புள்ளி அழிஞ்சிடப் போகுது.