வஜ்தியின் போன் என் கடைக்கு வந்த விதம்

பெயர் நௌஃபல் த்ரீகி, தந்தை பெயர் பஷீர். வயது நாற்பத்தாறு. தொழில் கைப்பேசி விற்பனை, பழுதுபார்ப்பு. முகவரி மஹ்தியா நகரம், மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் தெரு, ஐஸ் கிடங்குக்கு எதிர்க்கடை. குடியிருப்பு அதே கடையின் மாடி. என்னை யாரும் இழுத்து வரவில்லை, கடையைச் சாத்திவிட்டு நானே காவல் நிலையத்துக்கு நடந்து வந்தேன் என்பதை முதலில் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டு சொல்வதாவது:

நான் வெள்ளிக்கிழமைச் சந்தையில் அட்டைப்பெட்டி மேல் போன் கவர் விரித்து விற்க ஆரம்பித்து, பிறகு இந்தக் கடையைப் பிடித்தவன். வாரம் ஒரு உபயோகக் குறிப்பு எழுதிக் கடைக் கண்ணாடியில் ஒட்டுவது என் வழக்கம். தண்ணீரில் விழுந்த போனை அரிசியில் புதைக்காதே, சார்ஜிலும் போடாதே, அணைத்துத் துடைத்துக் காற்றில் வை. இடம் நிரம்பிவிட்டது என்றால் பிள்ளைகள் படத்தை அழிக்காதே, ஊரார் அனுப்பிய பூப்போட்ட காலை வணக்கங்களை அழி. பாஸ்வேர்ட் மறந்தால் திறக்க உதவும்படி வீட்டில் ஒருவருடைய எண்ணையும் கணக்கில் கொடுத்து வை. இப்படி. குறிப்பு இலவசம், படிக்க நிற்பவர்களில் பாதிப் பேர் கவர் வாங்காமல் போவதில்லை.

இந்த வழக்கில் சொல்லப்படும் வஜ்தி என் தெருக்காரன், இருபத்து நான்கு வயது, படகுகளுக்கு வண்ணம் அடிக்கும் வேலை பார்த்தான். ஐஸ் கிடங்கின் திண்டில் உட்கார்ந்து என் கடை வைஃபையில் பந்தாட்டம் பார்ப்பான். "ஏண்டா, ஒரு சார்ஜர் ஒயராவது வாங்கியிருக்கியா? என் நெட்டை மட்டும் நல்லா மேயறே" என்று நான் கேட்டால், "உங்க நெட்டு ஓடுற வேகத்துக்கு நீங்கதாண்ணே எனக்குக் காசு குடுக்கணும்" என்பான். பாஸ்வேர்ட் நான் கொடுத்ததுதான். இன்றுவரை மாற்றவில்லை. அவன் புதுப் போன் வாங்கியபோது கணக்கு தொடங்கிக் கொடுத்ததும் நான்தான். உதவி எண்ணாக அவன் தாயார் ஜலீலா அக்காவின் எண்ணைப் போடச் சொன்னேன், போட்டான்.

சென்ற கோடையின் கடைசியில் வஜ்தி வீட்டில் சொல்லாமல் போய்விட்டான். லிபியாவுக்குக் கட்டட வேலைக்குப் போயிருக்கிறான் என்று ஜலீலா அக்கா தெருவில் எல்லோரிடமும் சொன்னார். அதே வாரம் எங்கள் கரையிலிருந்து இத்தாலிப் பக்கம் ஒரு படகு புறப்பட்டதும், அதில் ஏறியவர்களில் ஒருவர் வீட்டுக்கும் அந்தக் கரையிலிருந்து அழைப்பு வராததும் ஊருக்குத் தெரியும். வஜ்தி அந்தப் படகில் ஏறவில்லை என்பது அவர் கட்சி. ஏறினான் என்று சொல்ல யாரிடமும் ஆதாரம் இல்லை, நாங்களும் அவர் எதிரில் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

அதன் பிறகு, மழை தொடங்கிய சமயம், அவர் என் கடைக்கு வந்தார். கண்ணாடியில் அப்போது ஒட்டியிருந்த குறிப்பு, தொலைந்த போனைத் தேடும் முறை. அதைக் காட்டி, "தம்பி, இது என் பையன் போனுக்கும் நடக்குமா?" என்று கேட்டார். உதவி எண் அவருடையதாக இருந்ததால் கணக்கைத் திறக்கும் ரகசிய எண் அவர் போனுக்கே வந்தது. அவர் போனிலேயே தேடும் பக்கத்தை வைத்துக் கொடுத்து மூன்று காரியம் கற்றுக்கொடுத்தேன். ஒன்று, வரைபடத்தில் போன் இருக்கும் இடத்தைப் பார்ப்பது. அடுத்தது, ஒலிக்கச் செய்யும் பொத்தான். இதை அழுத்தினால் சத்தம் அடக்கி வைத்த போனும் உரக்க அடிக்கும். மற்றது, பூட்டிய திரையில் நாம் எழுதும் வரி தெரியும்படி செய்வது. போன் அணைந்திருந்தால் எதுவும் நடக்காது, எப்போது அது உயிர் பெற்று இணையத்தைத் தொடுகிறதோ அப்போது வரி போய்ச் சேரும் என்றும் சொன்னேன்.

திரையில் எழுத வேண்டியது, இது தொலைந்த போன், இந்த எண்ணுக்குக் கூப்பிடவும் என்பதுதான் என்று விளக்கினேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "எடுத்தவன் எவனோ, அவனுக்கு நான் எதுக்கு எழுதணும்? என் பிள்ளைக்கு எழுதறேன். நான் சொல்றதை அடி" என்றார். அவர் சொல்ல நான் அடித்தேன். "வஜ்தி, முலுக்கியா செய்து வைத்திருக்கிறேன். எந்த நேரமானாலும் கதவைத் தட்டு." முலுக்கியாக் கீரைக் குழம்பு காலையில் அடுப்பேற்றினால் சாயங்காலம்தான் இறங்கும். வருகிறவன் முன்கூட்டிச் சொன்னால் அல்லவா வைக்க முடியும் என்று விளையாட்டாகக் கேட்டேன். "அதுக்குத்தான் தினமும் வைக்கிறேன்" என்றார்.

அன்று முதல் மதியம் பாத்திரம் கழுவி முடித்ததும் ஒலிக்கச் செய்யும் பொத்தானை அழுத்துவது அவர் வழக்கம் என்பதை அவரே சொல்லி எனக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் போனைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்றே வரும். கடை வழியாகப் போகும்போது, "இன்னிக்கும் சிக்னல் இல்லை தம்பி. அந்தப் பாலைவனத்துல எங்கே சிக்னல்?" என்று சொல்லிவிட்டுப் போவார். நானும் ஆமாம் என்பேன்.

அதன் பிறகு இந்த மாதத் தொடக்கத்தில், துறைமுகத்தில் டீசல் விற்கும் லசாத் என்பவர் ஒரு சாக்குப் பை நிறையப் பழைய போன் கொண்டுவந்தார். எல்லாம் அணைந்தவை, சிம் இல்லை, முதுகில் ஒட்டுநாடா உரித்த பிசின். பூட்டிய போன் எனக்கு உதிரிபாகத்துக்குத்தான் ஆகும், திரையும் கேமராவும் கழற்றலாம், அந்தக் கணக்கில் விலை பேசினேன். எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "கோடைக் கடைசியில ஏறினாங்களே, அவங்களோடது. கடலுக்குப் போறவனுக்கு போன் எதுக்கு? வெளிச்சம் காட்டி எல்லாரையும் மாட்டி விடுறதுக்கா? வீட்டுக்குக் குடுத்து அனுப்பறேன்னு சொல்லி, முதுகுல பேரு எழுதி ஒட்டித்தான் வாங்கி வெச்சேன். யாரு வீடு வீடாப் போறது" என்றார். இந்த வார்த்தைகளை அவர் என் கல்லா முன் நின்று, நான் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டு சொன்னார். வேறு சாட்சி இல்லை. நான் பையை வாங்கிக்கொண்டேன். அதில் யார் யாருடைய போன் இருக்கும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருப்பதும் வியாபாரத்தில் ஒரு பழக்கம்.

மறுநாள் எது உயிரோடு இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க, எல்லாவற்றையும் கல்லாவுக்குக் கீழே உள்ள இழுப்பறையில் வைத்துச் சார்ஜ் போட்டேன். சில போன்களை முடுக்கியும் வைத்தேன். மதியம் ஹரிஸ்ஸா மிளகாய் விழுது போட்ட கொண்டைக்கடலைக் கிண்ணத்தைக் கல்லா மேல் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது இழுப்பறையில் ஒரு போன் உரக்க ஒலித்தது. சிம் இல்லாத போன் ஒலிக்கக் காரணம் இல்லை. திறந்து பார்த்தேன். திரையில், வஜ்தி, முலுக்கியா செய்து வைத்திருக்கிறேன் என்று இருந்தது. அந்த வரியை அடித்தது என் விரல்.

போன் தன் பழைய வைஃபையை அடையாளம் கண்டுகொண்டு தானாகச் சேர்ந்திருக்கிறது. வேறு எந்தக் கடைக்குப் போயிருந்தாலும் அது வாய் திறந்திருக்காது. உடனே அணைத்துவிட்டுப் பையோடு ஸ்ஃபாக்ஸ் நகரத்து மொத்த வியாபாரிக்கு அனுப்பிவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்ததை நான் மறைக்கவில்லை. ஒலியை நிறுத்தும் பொத்தான் மேல் கட்டை விரலை வைத்தேன். அழுத்தவில்லை. அந்தப் பக்கம் ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பது போல எனக்குத் தோன்றியது. அங்கே சத்தம் கேட்காது, ஒலிக்கிறது என்ற எழுத்து மட்டும்தான் தெரியும், அது எனக்குத் தெரியும். இருந்தும் அழுத்தவில்லை.

சற்று நேரத்தில் ஜலீலா அக்கா வந்தார். வீட்டுச் செருப்பு, கையில் சோப்பு நுரை, மறு கையில் போன். வரைபடத்தில் புள்ளி என் கடை மேல் நின்றது. அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் வஜ்தியின் சுன்னத் விருந்தன்றுதான் பார்த்திருக்கிறேன். "எங்கே அவன்? பின்னாடி இருக்கானா? என்னைப் பார்க்கப் பயப்படறானா? நான் ஒரு வார்த்தை திட்ட மாட்டேன்னு சொல்லு தம்பி" என்று கேட்டுக்கொண்டே பழுதுபார்க்கும் இடத்தின் திரையை விலக்கினார். அங்கே முக்காலியும் ஈயம் பற்றவைக்கும் கம்பியும் இருந்தன. அதன் பிறகுதான் அவருக்குச் சத்தம் வரும் திசை புரிந்தது. இழுப்பறைக்கு வந்து எட்டிப் பார்த்தார். "போன் மட்டுமா?" என்று கேட்டார்.

மற்ற போன்களின் முதுகில் இருந்த பிசினை அவர் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். டீசலோடு லசாத் செய்கிற, ஆள்களைப் படகேற்றும் தொழில் ஊரில் யாருக்கும் ரகசியம் இல்லை. யார் கொடுத்தார்கள் என்று அவர் கேட்கவே இல்லை. மகனுடைய போனைக் கையில் எடுத்து, தான் எழுதிய வரியைத் தானே படித்தார். ஒலி தானாக நின்றது. அவர் தன் போனில் மறுபடி பொத்தானை அழுத்தினார். அது கையில் ஒலித்தது. அப்படிச் சில தடவை செய்தார். நான் கடைக் கதவைச் சாத்திவிட்டு அவர் கைக்குத் துண்டு கொடுத்தேன்.

அதன் பிறகு போனை என்னிடமே வைத்துவிட்டுப் போனார். தெருவில் விஷயம் பரவி, அதிகாரி அவர்கள் என்னை வரச் சொல்லி ஆள் அனுப்பினார். அன்று சாயங்காலமே லசாத் வந்தார். "நௌஃபல், நீயும் வியாபாரி, நானும் வியாபாரி. பையனே வந்து உன்கிட்ட வித்தான்னு சொல்லிடு. செத்தவன் எழுந்து வந்து இல்லேன்னு சொல்லப் போறானா? அந்தத் தாய்க்கும் அது ஆறுதல்தானே" என்றார். எனக்கு வேண்டிய உதவி எப்போதும் செய்வதாகவும் சொன்னார்.

மறுநாள் காலை ஜலீலா அக்கா வந்தார். உட்காரவில்லை. "தம்பி, வஜ்தி தன் கையாலேயே உன்கிட்ட வித்தான்னு எழுதிக் குடு. லிபியா போறதுக்கு வழிச்செலவுக்கு வித்தான்னு எழுது. போலீஸ் பேப்பர்ல இருந்தா நான் நம்பிடுவேன்" என்றார். கேட்கச் சொல்லி அவரை யாரும் அனுப்பவில்லை என்று எனக்கு நிச்சயம். ஆனால் கேட்டது அதே பொய். படகில் ஏற்றியவருக்கு ஒரு காரணம், பெற்றவருக்கு வேறு காரணம்.

நான் பொய் சொல்லாதவன் அல்ல. பேட்டரி புதுசு என்பேன், நாளைக்கு ரெடி என்பேன். அந்தப் பொய்கள் வீடு போய்ச் சேருவதற்குள் வெளுத்துவிடும், வாடிக்கையாளர் திரும்பி வந்து சண்டை போடுவார், நான் சரிசெய்து கொடுப்பேன். இது அப்படித் திரும்பி வராது. அக்கா அதை வைத்துக்கொண்டு ஆயுள் முழுக்க அடுப்பேற்றுவார். வஜ்தி விற்றான் என்று நான் சொன்னால் பையில் இருந்த மற்றவர்களும் அவரவரே விற்றார்கள் என்றாகும், அந்தப் போன்களுக்கும் வீடு இருக்கிறது. காற்று அடங்கிப் படகு விடும் மாதம் வருகிறது, லசாத் அடுத்த பையைத் தைத்து வைத்திருப்பார்.

ஆகவே இன்று இங்கே வருமுன் அக்கா வீட்டுக்குப் போய் நடந்ததை நடந்தபடிதான் சொல்லப் போகிறேன் என்று வாசலில் நின்று சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அடுப்பில் எதுவும் இல்லை, வாசனையில்லாததை வைத்து அறிந்தேன். அவர், "போலீஸ்ல வெச்சா போனை அணைச்சிடுவாங்களா?" என்று கேட்டார். சாட்சிப் பொருள், உறையில் போட்டு முத்திரை வைப்பார்கள் என்றேன். "மத்தியானம் ஒரு தடவைதான் அடிப்பேன். தொந்தரவு பண்ண மாட்டேன்னு சொல்லு" என்றார்.

மேற்படி போனையும் பையில் மிச்சம் இருந்த எல்லாப் போன்களையும் இத்துடன் ஒப்படைக்கிறேன். ஒன்றையும் அழிக்கவில்லை, கழற்றவில்லை. வஜ்தியின் போனில் என் பெயரில் உள்ள ஒரு சிம்மைப் போட்டிருக்கிறேன், அதில் இணையம் தீராமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. போனைச் சார்ஜில் வைக்க வேண்டும். இரும்பு அலமாரிக்குள் வைத்தால் சிக்னல் போய்விடும், ஜன்னல் பக்கம் வைத்தால் நல்லது. மதியம் ஒலித்தால் யாரும் பயப்பட வேண்டாம். பக்கவாட்டுப் பொத்தானைத் தொட்டால் ஒலி நின்றுவிடும், ஆகவே தொட வேண்டாம். சற்று நேரம் அடித்துத் தானே ஓயும். இதற்கு விதியில் இடமில்லை என்று அதிகாரி சொன்னார். இடம் கேட்டேன் என்பதையாவது எழுதிக்கொள்ளும்படி வேண்டினேன், எழுதிக்கொண்டார்.

எழுதியதை எனக்கு உரக்கப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னதுதான், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை, அனைத்தும் உண்மை. லசாத் எதிரில் நிறுத்திக் கேட்டாலும், ஜலீலா அக்கா எதிரில் நிறுத்திக் கேட்டாலும் இதையே சொல்வேன்.

(ஒப்பம்) நௌஃபல் த்ரீகி