ரேடியோ கேட்ட கேள்வி

ஆம்பூரிலிருந்து குடியாத்தம் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பேர். ஒருவர் மடியில் லுங்கிக் கட்டு. மற்றவரின் விரல்கள் சுண்ணாம்பில் வெந்து வெடித்திருந்தன. தோல் பதனிடும் டேனரி ஆள் என்று பார்த்ததுமே தெரிந்தது. அவர் கையில் தக்கை அடைத்த பாட்டில் ஒன்று இருந்தது.

“ரேடியோகிட்ட பொய் சொல்லலன்னு எம் பொண்ண பெஞ்சு மேல ஏத்திட்டாங்கப்பா” என்றார் அவர்.

“இன்னாது?”

“எங்க ஊரு ஸ்கூலுக்கு ரேடியோ வந்திருக்குதுல்ல, அதுல விஞ்ஞானப் பாடம். தெளிஞ்ச சுண்ணாம்புத் தண்ணியில குழாய் வச்சி ஊதுங்க, பால் மாதிரி ஆவும்னாங்களாம். அப்புறம் ‘ஆயிற்றா குழந்தைகளே?’ன்னு ஒரு கேள்வி. அங்க தண்ணியும் இல்ல, குழாயும் இல்ல. வாத்தியாரு கண்ண காட்டினதும் எல்லாப் புள்ளைங்களும் ‘ஆயிற்று ஐயா’ன்னு கத்திச்சாம். இவ மட்டும் ‘ஆவல’ன்னுட்டா.”

“அதுக்கா பெஞ்சு?”

“அதான் கேக்கறேன்! கண்ணால பாத்தத சொன்னா தப்பா? அப்புறம் இன்னாத்துக்கு அந்தப் பாடம்? நான் நாள் பூரா சுண்ணாம்புத் தொட்டியில நிக்கறவன். ஒரு வார்த்த கேட்டிருந்தா ஒரு கொடமே கொண்டாந்திருப்பேனே! இதோ, தெளிய வச்சி எடுத்துனு போறேன். அர நாள் லீவு. வாத்தியாரே ஊதட்டும்!”

லுங்கிக்காரர் கொஞ்சம் யோசித்தார்.

“அது சரி, ஒம் பொண்ணு ‘ஆவல’ன்னதுக்கு ரேடியோவுல இன்னா சொன்னாங்களாம்?”

“‘சபாஷ் குழந்தைகளே, எல்லோரும் சரியாகச் சொன்னீர்கள்’னாங்களாம்.”