சில்வியாவுக்கு உறவான சொல்

கத்தோலிக்கக் கோயில்களில் பூசை இன்னும் லத்தீனில் நடந்துகொண்டிருந்த காலம். சாத்தூரிலிருந்து ஏழாயிரம்பண்ணை போகும் பஸ்ஸில் என் முன்சீட்டில் ஒரு நர்ஸும் அவள் கணவரும் இருந்தார்கள். அவர் சாமியாராவதற்காகக் குருமடத்தில் படித்துப் பாதியில் திரும்பி வந்து வாத்தியாரானவர் என்று பேச்சில் தெரிந்தது.

"டாக்டர் என்னைய சாவேஜுன்னு சொல்லிட்டாக" என்று அவள் அழுதாள். "பட்டாசு மருந்துல வெந்த புள்ளைய வராந்தாவுலயே போட்டிருந்தாக. உள்ள தூக்குங்கன்னு சத்தம் போட்டேன். இனி அங்கன போகமாட்டேன்."

"சில்வியா, லத்தீன்ல சில்வான்னா காடு. காட்டான்னு சொல்ற சாவேஜ் அதுலருந்துதான் வந்துச்சு. உன் பேரும் அதுலருந்துதான். ரெண்டும் ஒரு வயித்துப் பிள்ளைக."

"அப்ப ஞானஸ்நானத்துலயே எனக்குக் காட்டான்னுதான் பேரு வச்சாகளா?"

"நீ சத்தம் போடுவேன்னு சாமியாருக்கு அன்னைக்கே தெரிஞ்சிருக்கு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பருத்தி பாக்க எங்கப்பாவும் தெனம் காட்டுக்குத்தான போறாக. அவுகளும் சாவேஜா?"

"மாமாவா? அதுல சந்தேகமே இல்ல."

அவர் தோளில் ஓர் அடி விழுந்தது. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அவள் கேட்டாள்: "காலையில சாத்தூருக்கு மொத பஸ்ஸு எப்ப?"

"போகமாட்டேன்னியே?"

"இன்னொரு புள்ள வெளிய கெடந்தா யாரு சத்தம் போடுறதாம்?"