பதினேழாம் நம்பர் பஸ்

— படி, கேக்குறேன்.

— "அழித்தல். இந்த டூல், போன்ல பஸ் நேரம் சொல்ற குரலோட ஒரு பழைய வெர்ஷனை அடியோட அழிக்கும். அழிச்சா திரும்ப வராது."

— இது குறிப்பு! போன மாசம் என்ன எழுதியிருந்த?

— ஐயோ, ஞாபகப்படுத்தாத...

— "பழையதை ஒழுங்குபடுத்தும்"! அந்த AI ஏஜென்ட்டும் அதைப் படிச்சுட்டு சமர்த்தா ஒழுங்குபடுத்துச்சு. நாலு வெர்ஷன் காலி.

— மெதுவா பேசுப்பா. பாப்பா இப்பதான் கண் அசந்தா.

— சரி, சரி...

— ஒழுங்குபடுத்துன்னா அடுக்கி வைக்கும்னு நெனச்சேன். அதுக்கு என் மனசா தெரியும்? நான் எழுதுற ரெண்டு வரிதான் தெரியும்.

— அதான் மேடம், தெளிவா எழுதுங்க. நாலு மணிக்கு அது மறுபடியும் அழிக்கக் கிளம்பிடும்.

— மணி என்ன இப்ப?

— மூணு பத்து.

— வெளிச்சமே ஒரு மாதிரி மஞ்சளா இருக்குல்ல... மழை வரும் போல. மாடியில துணி எடுக்கணும்.

— அப்புறம் எடுக்கலாம். எதை அழிக்கணும்னு எழுதினியா?

— "முப்பது நாளா யாருமே கூப்பிடாத வெர்ஷனை மட்டும்."

— மேனேஜர் அப்படியா சொன்னார்? மாசம் நூறு அழைப்புக்குக் கீழ இருந்தா அழின்னுல்ல சொன்னார்?

— மறந்துட்டேன்.

— நீயா? கல்யாணத்துக்கு முன்னாடி நான் என்னைக்கு என்ன சட்டை போட்டேன்னு வரைக்கும் சொல்லுவ...

— நூறுன்னு போட்டா ஒன்பதாவது வெர்ஷன் போயிடும்ப்பா.

— போகட்டுமே... அதுக்கு மாசம் அறுபதுதான். ஒரு நாளைக்கு ரெண்டே ரெண்டு அழைப்பு.

— பாத்திருக்கியா நீ?

— வேலைதானே. கூப்பிடுறவங்க போன் நம்பரும் கிடையாது, குரலும் கிடையாது. நேரமும் கேள்வியும் மட்டும் பதிவாகும். ஒண்ணு காலையில பதினோரு மணி. ஒண்ணு சாயங்காலம் மூணரை.

— ரெண்டும் கேக்குறது பதினேழாம் நம்பர் பஸ்ஸைத்தான்.

— நீயும் பாத்திருக்கியே!

— ...வேலைதானே.

— அந்த பஸ்ஸை நிறுத்தியே ஒன்றரை வருஷம் ஆச்சு. பத்தாவது வெர்ஷன்கிட்ட கேட்டா பட்டுனு சொல்லிடும், "சேவை நிறுத்தப்பட்டது, நன்றி." இது பாவம், இன்னும் நேரம் சொல்லிட்டு இருக்கு.

— "ஆறு நிமிஷத்துல வந்துடும். அவசரம் இல்ல, நிழல்ல நில்லுங்க."

— அப்படியே சொல்றியே...

— யாராவது நெஜமாவே போய் நிப்பாங்களோன்னு பயமா இல்லையா உனக்கு?

— நிக்க மாட்டாங்க.

— எப்படித் தெரியும்?

— ...தோணுது. இப்படி ஒரு வரி சேத்துடு: "இன்னும் ஒருத்தராவது கூப்பிட்டா அழிக்காதே. முதல்ல மனுஷங்களைக் கேளு."

— நூறை விட்டுட்டு இதைப் போட்டா மேனேஜர் விடுவாரா?

— நேரா சொல்லுவோம். திரும்ப வராத வேலைக்கு ஒருத்தரைக் கேக்குறது நியாயம்தானே?

— நியாயம்தான். ஆனா ஏஜென்ட் கேக்கும். அவரும் கேப்பார். யாரு அந்த ரெண்டு பேருன்னு.

— பாப்பா அசையுதா?

— இல்ல. சொல்லு.

— சிரிக்கக் கூடாது.

— சிரிக்கல...

— பதினோரு மணி ஆளு, குளியலறையில குழாயைத் தொறந்து விட்டுட்டுப் பேசுறவன்.

— அடப்பாவி! அதான் தினமும் அரை மணி நேரக் குளியலா!

— சிரிக்க மாட்டேன்னியே!

— சரி, சரி... என்ன கேப்ப?

— கல்யாணத்துக்கு முன்னாடி நாம ஒண்ணா வேலைக்குப் போன பஸ்ஸாச்சே... நீ ஏறுற தண்ணித்தொட்டி ஸ்டாப்புக்கு எப்ப வரும்னு கேப்பேன். ஆறு நிமிஷம்னு சொல்லும். கண்ணை மூடிப்பேன்... ஜன்னல் சீட்டுல பையைப் போட்டு உனக்கு இடம் பிடிச்சிருப்பேன்ல, அது தெரியும். ஈரத் தலையோட நீ ஏறி வருவ.

— பக்கத்து ரூம்லதானே இருக்கேன்...

— இருக்க. பால் தீர்ந்துச்சா, மீட்டிங் முடிஞ்சுதான்னு கேக்குற. நானும் அதையேதான் கேக்குறேன். சும்மா பேசி எத்தனை நாள் ஆச்சு? எனக்கு ஏக்கமா இருக்கும்மா.

— இதை எங்கிட்டயே சொல்லியிருக்கலாமே...

— கோவமா?

— இல்ல. மணி என்ன?

— மூணு இருபத்தெட்டு. சரி, என்னைச் சொல்லிடலாம். அந்த மூணரை ஆளுக்கு என்ன பண்றது? யாருன்னே தெரியாதே.

— இரு, மாடியில துணி எடுத்துட்டு...

— என்ன துணி? காலையில நான்தானே எல்லாத்தையும் மடிச்சு வச்சேன். கொடியில ஒண்ணுமே இல்லையே.

— தினமுமே ஒண்ணும் இருக்காதுப்பா... இன்னைக்கு மாடிக்குப் போகல. இங்கயே பக்கத்துல உக்காரு, மெதுவா ஸ்பீக்கர்ல போடுறேன். மூணரைக்கு நான் கேக்குறது, நாம திரும்பி வர்ற பஸ்ஸு.