நீளம் தாண்டும் குழி

ஆற்று மணலை ஒரு பிடி அள்ளினாலே போதும், பூச்சுக்கு ஆகுமா, தளத்துக்கு ஆகுமா என்று சொல்லிவிடுவேன். மன்னார்குடியில் முப்பது வருடமாக வீட்டுப் பிளான் வரைகிறேன், சார். கோடு என்னுடையது. அதன் கீழே கையெழுத்தும் முத்திரையும் படித்த வேறொருவருடையது. என் மகள் நுஸைபா ஆர்க்கிடெக்ட் ஆகி, தன் பெயரிலேயே முத்திரை குத்த வேண்டும். இதில் பேராசை ஒன்றும் இல்லை.

அவளுடையது எனக்கு வாய்க்காத கை. ஸ்கேல் இல்லாமல் நேர்க்கோடு இழுப்பாள். ஆனால் பிளஸ் டூ வந்ததும் நீளம் தாண்டுவதில் பைத்தியமாகிவிட்டாள். காலையிலும் மாலையிலும் பயிற்சி. டிராயிங் போர்டில் உட்கார்ந்தால் அரை மணியில் தலை சாய்ந்துவிடும். பி.டி. மாஸ்டர் நடராசனிடம் பேசிப் பார்த்தேன்.

"ரெண்டையும் பண்ணட்டும் சலாஹுதீன் பாய். புள்ளைக்குத் தெம்பு இருக்கு, விடுங்க" என்றார்.

நல்ல மனிதர். கட்டடக்கலை நுழைவுத் தேர்வில் கையால் வரைய வேண்டும் என்பது அவருக்கு எங்கே உறைக்கப்போகிறது?

நானும் ஒத்துழைத்தவன்தான். தினமும் விடிந்ததும் அவளை பைக்கில் கூட்டிப்போய், மணற்குழியை நானே கொத்திப் பொலபொலவென்று ஆக்கித் தருவேன். மாவட்டத்தில் ஜெயித்து மாநிலப் போட்டிக்குத் தேர்வானாள். அன்றுதான் முடிவு செய்தேன்.

ஒரு மாதம் கால்கட்டோடு வீட்டில் இருந்தால் வரைந்து தள்ளிவிடுவாள் என்று நினைத்தேன். ஒரு சாயந்திரம் மைதானம் காலியானதும் குழிக்குத் தண்ணீர் விட்டு, வீட்டுத் தரைக்கு அடியில் மணலை இறுக்குகிற திமிசுக் கட்டையால் இடித்தேன். மேலே இரண்டு விரல் கனத்துக்கு உலர்ந்த மணல் தூவினேன். மறுநாள் சைட்டில் வேலை என்று சொல்லி, அவளைப் பள்ளி வாசலிலேயே இறக்கிவிட்டேன்.

நடராசன் மேல்மணலைப் பார்த்து, வழக்கம்போல நான் கொத்திவிட்டேன் என்று நம்பியிருக்கிறார். அவள் தாண்டினாள். காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. முன்னால் சாய்ந்து வலது கையை ஊன்றிவிட்டாள். மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது. கையை ஊன்றச் சொன்னது நான் இல்லை.

பள்ளியில் கேட்டபோது, நான் கொத்தவில்லை என்றேன். அது பொய்யும் இல்லை. கவனக்குறைவு என்று நடராசனை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். அவர் மேல் விசாரணை நடத்துவது நீங்கள் என்று கேள்விப்பட்டுத்தான் வந்தேன். அவரை விட்டுவிடுங்கள்.

கட்டுப் பிரித்தாயிற்று. பென்சில் பிடித்தால் கோடு நடுங்குகிறது. இப்போது காலையும் மாலையும் இடது கையில் பழக்குகிறேன். நேற்று வரைந்துகொண்டே சொன்னாள்: "நீங்க கொத்தியிருந்தா இப்படி ஆயிருக்காதுல்ல, அத்தா."

"ஆமாம்மா" என்றேன். அடுத்த பென்சிலைச் சீவிக் கொடுத்தேன்.

ஒரே ஒரு வேண்டுகோள், சார். நான் செய்தது நுஸைபா காதுக்குப் போக வேண்டாம். நுழைவுத் தேர்வுக்கு நாற்பது நாள்தான் இருக்கிறது. இந்த நேரத்தில் அவள் கவனம் சிதறினால், நான் இவ்வளவு பாடுபட்டதெல்லாம் வீணாகிவிடும்.