பெரிய வாசல் என்னும் விலாசம்: மைக்கம்மாவுக்கு மன்ற ஊழியர்கள் படைக்கும் மடல்

அன்பின் உருவே! அயர்வறியா உழைப்பே! ஆயிரம் பேர் வாய் திறக்கத் தம் ஒரு கையை உயர்த்திப் பிடித்த பெருந்தகையே! நடுங்கி வந்தோரை நிமிர வைத்து, நீட்டி முழக்குவோரை நயமாய் அமர வைத்து, நகர மன்றத்தின் நடுக்கூடத்தில் நாளெல்லாம் நடந்தே பணி நிறைத்த நல்லாரே! எங்கள் மைக்கம்மாவே! வணக்கம், வணக்கம், மீண்டும் வணக்கம்!

பணி ஓய்வு மடல் என்றால், இனி முறைப்படி "தாங்கள், தாங்கள்" என்று விளித்துத் தங்கள் குணநலன்களை அடுக்க வேண்டும். ஆனால் தங்களை எங்களுக்குத் தெரியாதா? இரண்டாவது வரியிலேயே எழுந்து, "போதும்ப்பா, உக்காருங்க" என்பீர்கள். ஆகவே தங்கள் பக்கம் திரும்பாமல், இந்த அவையைப் பார்த்து அம்மாவின் கதையைச் சொல்கிறோம். அம்மா காதில் விழாதது போல் இருந்துகொள்ளட்டும்.

அவையோரே! மைக்கைக் கொண்டுபோய் நீட்டுவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்போர் உண்டு. அவர்கள் அம்மாவின் வேலையைப் பார்க்காதவர்கள். பேச எழுபவரின் உயரம், குரல், பயம் மூன்றையும் ஒரு பார்வையில் அளந்துவிடுவார். கை நடுங்கினால் மைக்கைத் தாமே பிடித்துக்கொள்வார். "முடிவாக" என்று சொல்லிவிட்டு முடிக்கவே மாட்டாத உறுப்பினர் ஒருவரிடமிருந்து, துடைத்துத் தருவதுபோல் மைக்கை வாங்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். துடைத்து வரும் என்று அவர் இன்னும் காத்திருப்பதாகக் கேள்வி.

இந்தக் கூடத்துக்கு ஒரு விதி உண்டு. கருத்துச் சொல்ல எழுபவர் முதலில் பெயரையும் விலாசத்தையும் சொல்ல வேண்டும்; அது பதிவாகும்; பிறகுதான் பேச்சு. அதைக் கேட்பதும் அம்மாவின் வேலைதான். ஒரு வருத்தமும் இல்லாமல் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார், கூடாரக்காரர்களின் விவகாரம் இந்தக் கூடத்துக்கு வந்து சேரும்வரை.

பேருந்துப் பணிமனையின் மதிலை ஒட்டி வீடில்லாதவர்களின் கூடாரங்கள் பெருகின. அகற்றுங்கள் என்றனர் ஒரு சாரார். எங்கே போவார்கள் என்றனர் இன்னொரு சாரார். நாற்காலிகள் போதாமல் ஜன்னலில் உட்கார்ந்தார்கள். அகற்றச் சொன்னவர்களில் அம்மாவின் சொந்தத் தங்கையும் ஒருவர். அவர் வீடு அந்த மதிலுக்கு எதிரே. அக்கா பிடித்த மைக்கில்தான் தங்கை பேசினார்.

"பாத்தா பாவமாத்தான் இருக்கு. இல்லேன்னு சொல்லல. ஆனா பொண்ணு டியூஷன் முடிஞ்சு வர்ற வரைக்கும் எனக்கு உசிரு உசிரா இல்ல. நான் யாருகிட்டப் போய்ச் சொல்றது?"

அம்மாவின் கை அசையவில்லை. மற்றவர்களுக்கு எவ்வளவு நேரம் பிடித்தாரோ அவ்வளவு நேரம் தங்கைக்கும் பிடித்தார். அவர் நடுநிலைமைக்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அடுத்து எழுந்தவர் ஒரு தையல்காரம்மா. கூடாரவாசி. மதிலோரம் தையல் மெஷினைப் போட்டு, அந்தத் தெருக்காரர்களுக்கே தைத்துக் கொடுப்பவர். பெயரைச் சொன்னார். வழக்கம்போல் அம்மா, "விலாசம்?" என்றார்.

"கூடாரம்தாங்க."

"அது பதிவுல ஏறாதும்மா. கதவு நம்பர், தெரு சொல்லணும்."

"கதவே இல்லையே, நம்பருக்கு நான் எங்க போவேன்?"

கூடம் சிரித்தது. தையல்காரம்மாவும் சேர்ந்து சிரித்தார். பிறகு சிரிப்பு நிற்கவில்லை என்று கண்டு, பேச வந்ததைப் பேசாமலே உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு அம்மா எங்களில் யாரோடும் தேநீர் குடிக்க வரவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு முன் அம்மாவே கூடாரங்களுக்குப் போனார். "இந்த மன்றத்தோட விலாசத்தையே சொல்லிடுங்க. நகர மன்றம், பெரிய வாசல். யாரு வந்து கதவத் தட்டப் போறா?" என்று சொல்லிக் கொடுத்தார். அட, என்ன அழகான யோசனை என்று நாங்கள் துள்ளினோம்! கூடாரக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து, "நகர மன்றம், பெரிய வாசல்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்கள். ஒரு பெரியவர் அதை இரண்டு தடவை சொன்னார். தையல்காரம்மா அன்று பேசிய பேச்சில் எதிர்த்தவர்கள்கூடத் தலையாட்டினார்கள். பணிமனைக்குப் பின்னால் எழும்பும் குடியிருப்பில், நிலையான விலாசம் இல்லாதவர்களுக்கு முதலில் வீடு. தகுதியுள்ள அத்தனை பேருக்கும் கொடுத்து முடித்த பிறகே கூடாரங்களை அகற்றுவது. இப்படித் தீர்மானம் நிறைவேறியது. நாங்கள் இனிப்பு வாங்கிச் சாப்பிட்டோம். அதுதான் இன்றைக்கும் எங்களுக்குத் தொண்டையில் நிற்கிறது.

ஏனென்றால், வீடு ஒதுக்கும் நேரம் வந்தபோது வீட்டுவசதிப் பிரிவு, யாருக்கு விலாசம் உண்டு என்று பார்க்க நம் கூட்டப் பதிவுகளைக் கேட்டு வாங்கியது. பேசாமல் இருந்தவர்களுக்குப் பதிவில் விலாசம் இல்லை; அவர்களுக்கு வீடு கிடைத்தது. பேசியவர்களுக்கோ விலாசம் இருந்தது! யார் பேசி அந்த வீடுகளை வாங்கித் தந்தார்களோ, அவர்கள் மட்டும் வெளியே நின்றார்கள்.

அம்மா அந்தப் பிரிவுக்கு ஓடினார். அங்கிருந்த அதிகாரி கெட்டவர் அல்லர். "நான் என்னம்மா பண்ணுவேன்? கட்டம் காலியா இருக்கா, நிரம்பியிருக்கான்னுதான் கம்ப்யூட்டர் பாக்குது. அது யார் வாசல்னு அதுக்குத் தெரியுமா? நெரப்பினது நீங்கதானே?" என்றார்.

"நாந்தான். தப்பு என்னோடது. அவங்களுக்கு ஏன் தண்டனை?"

"அடுத்த கூட்டத்துல யாராச்சும் எழுந்து சொல்லி, தீர்மானம் போட்டுத் திருத்தட்டும். சம்பந்தப்பட்டவங்களும் நேர்ல வரணும்."

அந்தக் கூட்டம் வருவதற்குள் தகுதியுள்ளோர் எல்லோருக்கும் ஒதுக்கியாயிற்று என்று கணக்குக் காட்டி, கூடாரங்களை அகற்ற ஆணை போட்டுவிட்டார்கள். அம்மா மதிலடிக்குப் போய்ச் சேர்ந்தபோது தையல்காரம்மா மெஷினைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். அம்மா நடந்ததைச் சொன்னார். சமாதானம் எதுவும் சொல்லவில்லை. நடந்ததை மட்டும் சொன்னார். தையல்காரம்மா முடிச்சைப் போட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"பேச வெச்சீங்க, சரி. இருக்க வெச்சீங்களா?"

அன்று மாலை தங்கை போன் செய்தார். "அக்கா, தெரு காலியாயிடுச்சு. நான் தைக்கக் குடுத்த ஸ்கிரீனைத் தைச்சு மடிச்சு கேட்டுல மாட்டிட்டுப் போயிருக்காங்க. எங்க போனாங்க?" என்று கேட்டார். கேட்டவர் அழுதார் என்று அம்மா எங்களிடம் சொன்னார். தாம் அழுததைச் சொல்லவில்லை.

அம்மாவின் விடாமுயற்சியால் அந்த விதி இப்போது இல்லை. இந்தக் கூடத்தில் இனி பெயர் மட்டும் போதும். இதை மடலின் தலைப்பிலேயே பொறிக்க ஆசைப்பட்டோம். "வெள்ளம் போன பொறவு அணை கட்டினதுக்கு எதுக்குப்பா பாராட்டு?" என்று தடுத்துவிட்டார். தடுத்ததையும் சேர்த்து எழுதிவிட்டோம், மன்னிக்கட்டும்.

எங்கள் அம்மாவே! இனித் தங்களைப் பார்த்தே பேசுகிறோம். இந்தக் கூடத்தில் ஊழியர் எவரும் கருத்துச் சொல்லக் கூடாது. எத்தனையோ குரல்களைத் தாங்கிய தங்கள் கை, தங்கள் குரலுக்கு ஒருநாளும் உயர்ந்ததில்லை. நாளை முதல் தாங்கள் ஊழியர் அல்லர். வரும் கூட்டத்தில் அந்தப் பதிவைத் திருத்தச் சொல்லிப் பேசுவோர் வரிசையில் முதல் பெயர் தங்களுடையது என்பதை அறிவோம். கூட்டத்துக்கு வரச்சொல்லி அந்தக் கூடாரக்காரர்களுக்கும் அழைப்பு போயிருக்கிறது. முறைப்படி, பதிவில் உள்ள விலாசத்துக்கு.

அந்த அழைப்புகள் அத்தனையும் நேற்றுத் தபாலில் இங்கேயே வந்தன. நகர மன்றம், பெரிய வாசல். நம் மேசைமேல்தான் கட்டாக இருக்கின்றன.

விழா முடிந்ததும் அந்தக் கட்டை எடுத்துக்கொண்டு பாலத்தடி, ரயிலடி, சந்தையடி என்று தேடப் போவதாகத் தாங்கள் சொன்னீர்கள். தனியாகப் போக விடமாட்டோம். நோய் நொடியின்றி, நடை தளராமல், நெஞ்சுரம் குன்றாமல் நெடுங்காலம் வாழ்க, அம்மா! வாழ்க என்று சொன்னால் எங்கே வாழ்வது என்று கேட்கத் தங்களிடம் கற்றுக்கொண்டோம். அவர்களும் வாழ்க, ஒரு கதவுக்குப் பின்னால் வாழ்க!

கைதட்டியது போதும். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறோம், வாருங்கள்.

தங்களோடு தேடப் புறப்படும்
கருத்துக் கேட்புக் கூட ஊழியர்கள்