கார்டுக்கு வாயில்லை

களுவாஞ்சிக்குடியிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் பஸ். எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இருவருக்கும் இடையில் ஒரு குடைகூட நுழையாது. மூத்தவர் நடத்துநரைக் கூப்பிட்டார்.

"தம்பி, பக்கத்தில இரிக்கிற என்ட தங்கச்சிக்கிட்டச் சொல்லுங்க, கலியாணக் கார்டு வந்து சேர்ந்த எண்டு."

"அவவுக்குக் காது கேக்காதா அக்கா?"

"நல்லாக் கேக்கும். நாங்க கதைக்கிறல்ல, ஏழு வருசமா."

இளையவர் யன்னலைப் பார்த்தபடியே சொன்னார்: "கார்டு கிடைச்சா வரத்தானே வேணும் எண்டு கேளுங்க தம்பி."

"கார்டுக்கு வாயில்ல எண்டு சொல்லுங்க. மகள்ர கலியாணத்துக்குத் தாய்தான் வாயால சொல்லோணும்."

"ரெண்டு பேரும் என்ன விடுங்க" என்று நடத்துநர் முன்னால் போய்விட்டார்.

ஆரையம்பதியில் மூத்தவர் இறங்கினார். பஸ் நகரப் போகும்போது இளையவர் யன்னலால் தலையை நீட்டினார்.

"அக்கா! புதன்கிழமை மகள்ர கலியாணம். கட்டாயம் வாங்க!"

மூத்தவர் நின்று திரும்பினார்.

"கலியாணத்துக்கு றோட்டில வச்சா சொல்லுற? வீட்ட வந்து சொல்லு."

"தம்பி, பெல்ல அடிக்காதீங்க" என்றார் இளையவர், பையைத் தூக்கிக்கொண்டு. "நானும் இறங்கிறன்."